தோற்ற புள்ளியையும் அனுப்புங்கள்

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் சேர விரும்பும் டென்னிஸ் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தைப் படம்பிடித்து அங்குள்ள பயிற்சியாளர்களுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. எதிராளி தொடவே முடியாத பத்து சர்வ், கோட்டின் மேல் விழுந்த பத்து ஃபோர்ஹேண்ட், வலையருகே பாய்ந்து அடித்த இரண்டு வாலி, பின்னணியில் அதிரும் இசை, நடுநடுவே ஸ்லோமோஷன், முடிவில் கோப்பையோடு ஒரு படம். இதையெல்லாம் மூன்று நிமிடத்துக்குள் வெட்டி ஒட்டித் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்; அதற்குக் கணிசமாகப் பணமும் வாங்குகிறார்கள். இந்த வகைக் காணொளி பிள்ளைக்கு உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம் என்பது என் கருத்து. அனுப்ப வேண்டியது வெட்டாத ஆட்டம். வென்ற புள்ளியை அடுத்து வரும் தோற்ற புள்ளியும், இரண்டுக்கும் நடுவே பிள்ளை தலை குனிந்தோ நிமிர்ந்தோ நடந்துபோகும் அந்த 25 நொடியும் அதில் இருக்க வேண்டும்.

யாரோ சில வசதியான குடும்பங்களின் கவலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2007, 2008 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் ஒற்றையர் பட்டம் வென்றார். 2007 இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் ஜான் இஸ்னர். மதுரைக்காரரான தக்‌ஷிணேஷ்வர் சுரேஷ் இடம்பெற்ற வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணி 2025இல் தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தின் ஜெரோம் கிம்மை அவர் தோற்கடித்தபோதுதான் நம் ஊரில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள். ஸ்குவாஷில் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்துக்கொண்டே ஆடினார். ப்ளஸ் டூ வந்ததும் மட்டையை மூட்டைகட்டி வை என்று பிள்ளைகளிடம் சொல்லும் நாட்டில், படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்தே கொண்டுபோக இப்படி ஒரு வழி இருப்பது சாதாரண விஷயமில்லை. அந்த வழியின் வாசலில் நிற்பது ஒரு காணொளி என்பதால்தான் அது எப்படி இருக்க வேண்டும் என்று இவ்வளவு தூரம் பேச வேண்டியிருக்கிறது.

என்சிஏஏ அமைப்பில் ஏறத்தாழ 1,100 கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக இருக்கின்றன. முதல் பிரிவில் ஆடும் ஆண்கள் டென்னிஸ் வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டவர். ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் இந்தியாவிலும் நடக்கும் ஒவ்வொரு ஜூனியர் போட்டிக்கும் விமானம் ஏறிவர எந்தப் பயிற்சியாளராலும் முடியாது. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சிலிருந்து 2021 மே இறுதிவரை, புதிய வீரர்களை நேரில் சந்தித்துத் தேர்வதற்கே முதல் பிரிவுப் பயிற்சியாளர்களுக்கு என்சிஏஏ தடை போட்டிருந்தது. அந்த 14 மாதங்களும் அமெரிக்கப் பிள்ளைகளும் திரை வழியாகத்தான் பார்க்கப்பட்டார்கள். திருநெல்வேலியிலோ சேலத்திலோ ஆடும் பிள்ளைக்கு அன்றும் இன்றும் என்றும் அதே நிலைதான். பயிற்சியாளர் அவனைப் பார்க்கப்போவது திரையில் மட்டும். அப்படியானால் திரையில் அவர் தேடுவது எதை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

அதற்குக் கல்லூரி டென்னிஸ் எப்படி ஆடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டு கல்லூரிகள் மோதும்போது முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரே செட். இவற்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழில் நான்கு எடுத்தால் வெற்றி. டியூஸ் ஆனால் அட்வான்டேஜ் கிடையாது. அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். ஒற்றையர் ஆட்டங்கள் அருகருகே உள்ள களங்களில் ஒரே நேரத்தில் நடக்கும். பக்கத்துக் களத்தில் கத்தல், பின்னால் சக மாணவர்களின் ஆரவாரம், எதிரணியின் சீண்டல் எல்லாம் காதில் விழும். பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பெரும்பாலும் வீரர்களே சொல்லிக்கொள்ள வேண்டும். சுற்றிவரும் நடுவர் எப்போதும் உங்கள் களத்தருகே நிற்க மாட்டார். இந்தச் சூழலுக்கு ஆள் எடுப்பவருக்கு ஒரு பையன் எவ்வளவு வேகமாக ஃபோர்ஹேண்ட் அடிப்பான் என்பது ஆரம்பக் கேள்வி மட்டுமே. 30-40 என்று இருக்கும்போது அவனுடைய இரண்டாவது சர்வ் எங்கே விழுகிறது, மூன்று முறை பேக்ஹேண்ட் பக்கம் ஓடவிட்ட பிறகு நான்காவது பந்துக்குக் கால் போகிறதா, கைக்கெட்டிய புள்ளியை விட்டுவிட்டால் மட்டையைத் தரையில் அடிக்கிறானா, கோட்டை ஒட்டி விழுந்த பந்தை நேர்மையாக ‘உள்ளே’ என்கிறானா, இரட்டையரில் ஜோடி தப்பு செய்தால் அவன் கை தோளைத் தட்டுகிறதா இல்லை முகத்தைத் திருப்பிக்கொள்கிறானா. இவற்றில் ஒன்றுகூட மூன்று நிமிடச் சிறப்புக் காட்சிகளில் இருக்காது. வெட்டும்போது கீழே விழுவதெல்லாம் இவைதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு கரண்டியில் வந்ததை எடுத்தால்தான் அந்தப் பதம் பார்ப்பதற்கு அர்த்தம் உண்டு. நன்றாக வெந்த பருக்கையாகத் தேடிப் பொறுக்கி நீட்டினால் பானையைப் பற்றி எதுவும் தெரியாது. ஓரளவு ஆடத் தெரிந்த எந்தப் பிள்ளையும் ஒரு ஆண்டில் இருபது அபாரமான ஷாட் அடித்திருக்கும். அந்த இருபதையும் கோத்துக் காட்டினால், இருபது முறை அடித்தவனுக்கும் இருநூறு முறை அடித்தவனுக்கும் வித்தியாசம் தெரியாது. வேலையை ஆண்டுக்கணக்கில் செய்துவரும் பயிற்சியாளருக்கு இது நன்றாகவே தெரியும். எனவே அவர் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால், முழு ஆட்டம் ஒன்று அனுப்பு என்றுதான் அடுத்துக் கேட்பார். அப்போது தேடிப்பிடித்து அனுப்புவதை முதலிலேயே அனுப்பினால் என்ன?

பயிற்சியாளருக்கு நேரம் இல்லையே என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. நியாயமான மறுப்புதான். குவியும் மின்னஞ்சல்களுக்கு நடுவே இரண்டு மணி நேர ஆட்டத்தை யாரும் முழுதாக உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் சுருக்கமாகக் காட்டுவது வேறு, பொறுக்கிக் காட்டுவது வேறு. ஒரு நல்ல ஆட்டத்திலிருந்து தொடர்ச்சியாக இரண்டு அல்லது மூன்று கேம்களை அப்படியே, உள்ளே எங்கும் வெட்டாமல் எடுத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஒன்று பிள்ளை சர்வ் போடும் கேம், ஒன்று எதிராளி சர்வ் போடும் கேம். இரண்டில் ஒன்று டியூஸ் வரை போயிருந்தால் மிகவும் நல்லது. அதன் முன்னால் ஒரு நிமிடத்துக்கு ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், சர்வ், வாலி என்று அடிப்படை ஷாட்களைப் பயிற்சிக் களத்தில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். கை, கால் அமைப்பைப் பார்க்க அது உதவும். கீழே முழு ஆட்டத்துக்கான இணைப்பு, அதில் எந்த நிமிடத்தில் எது வருகிறது என்ற சிறு குறிப்பு: இரண்டாவது செட் எங்கே தொடங்குகிறது, 4-5இல் பின்தங்கியிருந்த கேம் எங்கே, டை-பிரேக் எங்கே. நேரமில்லாதவர் இரண்டு கேம் பார்ப்பார், ஆர்வம் வந்தவர் மீதியைத் தேடிப் போவார். இரட்டையர் ஆட்டத்தின் ஒரு பகுதியை விட்டுவிடவே கூடாது. ஏழில் ஒரு புள்ளி இரட்டையருக்கு என்று தெரிந்தும் ஒற்றையர் மட்டும் அனுப்புவது, பாதி விண்ணப்பத்தை நிரப்பாமல் விடுவதற்குச் சமம்.

இதைப் படம்பிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பேஸ்லைனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிவேலியில், களத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கைப்பேசியை மாட்டினால் போதும். எவ்வளவு உயரத்தில் மாட்டுகிறோமோ அவ்வளவுக்குப் பந்தின் ஆழம் தெரியும். தரையோடு வைத்தால் வலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றே புரியாது. பக்கவாட்டில் நின்றுகொண்டு பந்தோடு சேர்ந்து கைப்பேசியை இப்படியும் அப்படியும் திருப்பினால் பார்ப்பவருக்குத் தலைதான் சுற்றும். வேலிக் கம்பி குறுக்கே விழாமல் லென்ஸை அதன் இடைவெளியில் பொருத்த வேண்டும், வெயில் எதிரே வராத பக்கமாகப் பார்க்க வேண்டும், கைப்பேசியைக் கிடைமட்டமாக வைக்க வேண்டும், பிறகு தொடாமல் விட்டுவிட வேண்டும். இசை சேர்க்க வேண்டாம். மட்டையில் பந்து படும் ஓசையே ஒரு பயிற்சியாளருக்குப் பல விஷயம் சொல்லும். தொடக்கத்தில் ஐந்து நொடிக்கு ஒரு அட்டை: பெயர், பள்ளிப்படிப்பு முடியும் ஆண்டு, உயரம், எந்தக் கை, யுடிஆர் எனும் ஆட்ட மதிப்பீட்டு எண், எதிராளியின் யுடிஆர் எண், ஆட்டத்தின் முடிவு, எந்தச் சட்டை போட்டிருப்பவர் நம் பிள்ளை. வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் காணொளியில் வேண்டாம். அவை கடிதத்தில் இருக்கட்டும். யூடியூபில் போடும்போது, இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. எதிரே ஆடுவதும் ஒரு குழந்தைதான் என்பதால், அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

எண்களே போதுமே, காணொளி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. சில விளையாட்டுகளில் அது உண்மை. உயரம் தாண்டும் தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018இலும் 2022இலும் என்சிஏஏ பட்டம் வென்றவர். அத்தகைய வீரரைத் தேர்வு செய்ய அவர் எத்தனை மீட்டர் தாண்டியிருக்கிறார் என்ற ஒரு எண்ணே முக்கால்வாசி போதும். நீச்சலும் அப்படித்தான். டென்னிஸிலும் யுடிஆர் என்ற மதிப்பீடு இருக்கிறது. யாரோடு ஆடி எத்தனை கேம் எடுத்தீர்கள் என்பதை வைத்துக் கணக்கிடப்படும் அந்த எண்ணைத்தான் பயிற்சியாளர் முதலில் பார்ப்பார். ஆனால் ஒரே எண் கொண்ட இரண்டு பிள்ளைகளில் ஒருவன் களிமண் தரையில் பின்னால் நின்று பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு அந்த எண்ணை எட்டியிருப்பான். மற்றவன் பாதி ஆட்டங்களில் தோற்றாலும் பெரிய சர்வும் வலையருகே துணிச்சலும் உள்ளவனாக, இரண்டு ஆண்டில் எங்கோ போகக்கூடியவனாக இருப்பான். இந்த வித்தியாசம் எண்ணில் தெரியாது, ஆட்டத்தில் தெரியும். அதோடு, அந்த எண்ணே சிறப்புக் காட்சிகளின் மினுக்கலைக் காட்டிக்கொடுத்தும்விடும். காணொளியில் உலக சாம்பியன் போலத் தெரியும் பிள்ளையின் யுடிஆர் சாதாரணமாக இருந்தால், ஏதோ மறைக்கப்படுகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

குறையை நாமே எடுத்துக் காட்டலாமா என்ற தயக்கம்தான் பெற்றோர் மனதில் ஆழமாக இருப்பது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது யாராவது தன் பலவீனத்தை எழுதி அனுப்புவார்களா என்கிறார்கள். இந்தத் தயக்கம் பாசத்திலிருந்து வருகிறது, எனக்கு அது புரிகிறது. ஆனால் இதனால் அடிபடப்போவது யார் என்று யோசிக்க வேண்டும். 2025 ஜூலைக்கு முன்புவரை முதல் பிரிவு ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்று 4.5 முழு உதவித்தொகைக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற விதி இருந்தது. அதைத்தான் எல்லா வீரர்களுக்கும் பங்குபோட்டுக் கொடுத்தார்கள். பெரிய வழக்கு ஒன்றின் சமரசத்துக்குப் பிறகு, அந்தச் சமரசத்தை ஏற்றுச் சேர்ந்த கல்லூரிகளில் உதவித்தொகைக்கான உச்சவரம்பு நீங்கி, அணிக்குப் பத்துப் பேர் என்ற ஆள் வரம்பு வந்திருக்கிறது. பத்துப் பேரில் ஒற்றையர் ஆடப்போவது ஆறு பேர். இன்னொரு பக்கம், கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டதால், பள்ளி முடித்து வரும் புதியவரைவிட ஏற்கெனவே கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடிப் பழகியவரை எடுக்கும் போக்கும் கூடியிருக்கிறது. இந்த நெருக்கடியில், தன் தகுதிக்கு மேலே காட்டிக்கொண்டு ஓர் அணிக்குள் நுழைந்த பிள்ளைக்கு என்ன ஆகும்? எட்டாவது ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்திருக்க வேண்டும், அடுத்த ஆண்டு இடம் இருக்குமா என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும். அதுவும் வீட்டிலிருந்து பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். உள்ளபடி காட்டியிருந்தால் இரண்டாம் பிரிவிலோ மூன்றாம் பிரிவிலோ முதல் ஆண்டிலேயே நான்காவது இடத்தில் ஆடியிருக்கலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது என்பது உண்மை. ஐவி லீக் கல்லூரிகளிலும்தான் கிடையாது. ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவியைப் பல கல்லூரிகள் தருகின்றன. காணொளி வழியாகப் பயிற்சியாளர் மட்டும் தேர்வு செய்வதில்லை. பிள்ளையும் தனக்கு ஏற்ற இடத்தைத் தேர்வு செய்கிறது. பொய்யான படத்தை வைத்துக்கொண்டு இருவராலும் சரியாகத் தேர்வு செய்ய முடியாது.

நம்பிக்கை சம்பந்தப்பட்ட ஒரு பாடமும் இதில் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவை உலுக்கிய கல்லூரிச் சேர்க்கை மோசடியில், ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் பணக்காரப் பெற்றோரிடமிருந்து இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, ஆடவே தெரியாத பிள்ளைகளை வீரர்களாக ஜோடித்து விளையாட்டு ஒதுக்கீட்டில் நுழைத்தார். விளையாடுவது போல் படம் எடுத்தும், வேறு ஒருவரின் உடலில் முகத்தை ஒட்டியும் ஆவணங்கள் தயாரானதாக வழக்கில் வெளிவந்தது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் டென்னிஸ் பயிற்சியாளர் கோர்டன் எர்ன்ஸ்ட் 30 லட்சம் டாலருக்கும் மேல் லஞ்சம் வாங்கியதற்காக 2022இல் இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். உள்ளிருந்தே கதவைத் திறந்துவிட்ட குற்றம் அது. காணொளியால் மட்டும் தடுத்திருக்க முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு விளையாட்டு வழியாக வரும் விண்ணப்பங்களைக் கல்லூரிகள் கூர்ந்து சரிபார்க்கத் தொடங்கின. இப்போது செயற்கை நுண்ணறிவால் படத்தையும் காட்சியையும் எளிதாகத் திருத்த முடிகிறது என்பதால் அந்த எச்சரிக்கை இன்னும் கூடும். வெட்டி ஒட்டிய துணுக்குகளை யார் வேண்டுமானாலும் அலங்கரிக்கலாம். ஒரே கோணத்தில், ஸ்கோர் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவரும் தொண்ணூறு நிமிட ஆட்டத்தை, அதே தேதியில் பதிவான போட்டி முடிவோடு ஒத்துப்போகும்படி ஜோடிப்பது அவ்வளவு எளிதில்லை.

இடையில் நிற்கும் ஏஜென்ட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாரும் மோசமானவர்கள் இல்லை. எந்தப் பிரிவில் எந்தக் கல்லூரி, எந்தத் தேதிக்குள் எந்தப் படிவம் என்று வழிகாட்டுவதற்கு ஒரு குறிப்பிட்ட கட்டணம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் உதவித்தொகை கிடைத்தால் அதில் இத்தனை சதவீதம் என்று பேசுபவரை அன்றே கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும். அப்படி ஒரு ஒப்பந்தம் என்சிஏஏ விதிகளுக்கு எதிரானது, பிள்ளையின் ஆடும் தகுதிக்கே ஆபத்தாக முடியும். காணொளி தயாரிப்பு என்ற பெயரில் வாங்கப்படும் பெரும் தொகைக்கு எந்தத் தேவையும் இல்லை. கம்பிவேலியில் மாட்டிய கைப்பேசி ஏழைப் பிள்ளையையும் வசதியான பிள்ளையையும் ஒரே உயரத்தில் நின்றுதான் பார்க்கிறது; அலங்காரம் கூடக் கூடத்தான் பணம் உள்ளவன் முந்துகிறான். மாநில, மாவட்டப் போட்டிகளை நடத்துவோர் முக்கியமான களங்களிலாவது நிலையான கேமரா ஒன்றை வைத்து, அந்தந்த ஆட்டத்தின் பதிவை வீரருக்கு இலவசமாகக் கொடுத்தால் இந்தச் சந்தைக்கே வேலை இருக்காது. ஒரு போட்டிக்கு ஆகும் மொத்தச் செலவில் அது சிறு பங்குதான்.

கடைசியாகக் கடிதம். காணொளி இணைப்போடு போகும் மின்னஞ்சலை அப்பாவோ அம்மாவோ எழுதக்கூடாது, பிள்ளைதான் எழுத வேண்டும். ஆங்கிலம் கொஞ்சம் தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை. நானூறு கல்லூரிகளுக்கு ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்புவதைவிட, பதினைந்து கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே யார் யார் ஆடுகிறார்கள், எத்தனை பேர் அடுத்த ஆண்டு படிப்பை முடித்துப் போகிறார்கள், நான் படிக்க நினைக்கும் பாடம் அங்கே உண்டா என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவது பலன் தரும். உடனே பதில் வரவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். பெரும்பாலான விளையாட்டுகளில், டென்னிஸ் உட்பட, பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15க்கு முன்னால் முதல் பிரிவுப் பயிற்சியாளர் ஆட்சேர்ப்பு பற்றி மாணவருக்குப் பதில் எழுத விதி இடம் கொடுப்பதில்லை. எழுதாவிட்டாலும் அனுப்பியதை அவர் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து புதிய ஆட்டம் ஒன்றை அனுப்பலாம். முதல் காணொளியில் தடுமாறிய அந்த இரண்டாவது சர்வ் இப்போது எப்படி விழுகிறது என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் பயிற்சியாளருக்கு, இந்தப் பிள்ளை எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். முதலில் அந்தத் தடுமாற்றத்தை வெட்டியெறியாமல் அனுப்பியிருந்தால்தான் அது தெரியும்.